காலண்டரில் சிவப்பு வட்டங்கள்

வீடு வீடாகப் போய் நெட் சரி செய்யும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் கேட்டார்: "சார், இவ்ளோ வருஷத்துல ரொம்பக் கஷ்டப்பட்டு சரி பண்ண கேஸ் எது சார்?" டீயைக் குடித்துக்கொண்டே ஏதோ சொல்லி நழுவிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னோடு வந்தது. சரி செய்த வீடுகள் எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. ஒரே ஒரு வீடு வந்தது. அங்கே நான் சரி செய்யாமலே சரியாகிவிட்டது. அதுதான் கதை.

முழங்கால் ஏணிக்கு ஒத்துக்கொள்ளாமல் போய் இந்தத் தொழிலைவிட்டு வந்துவிட்டேன். இப்போது உங்கள் கைபேசியிலேயே சிக்னலை வண்ணம் வண்ணமாகப் பார்க்கிறீர்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு. அன்றைக்கு அப்படி எதுவும் இல்லை. மடிக்கணினியின் மூலையில் ஐந்து சின்னக் கோடுகள் இருக்கும். அவற்றைப் பார்த்துக்கொண்டே மடிக்கணினியை ஏந்திக்கொண்டு, தூங்காத குழந்தையோடு உலாவுகிற அப்பா மாதிரி வீடு முழுக்க நடப்போம்.

டெலிபோன் ஒயரில் இன்டர்நெட் வந்து, அது ஒயரைவிட்டு இறங்கி வீட்டுக்குள் காற்றில் நடக்க ஆரம்பித்திருந்த காலம். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தவர்கள் வீட்டில்தான் முதலில் அந்த ஆன்டெனா வைத்த மோடம் வந்தது. போகிற வீட்டிலெல்லாம் கேள்வி கேட்பார்கள். "காத்துல வருதுன்னா மழ பெய்ஞ்சா நனையாதா?" "பிரியாணி அண்டாவத் தொறந்தா ஆவியில அடிச்சிட்டுப் போய்டுமா?" நான் சிரிப்பேன். சிரித்திருக்கக் கூடாது. அந்தக் கேள்விகளில் ஒன்று ஏறக்குறைய சரியான கேள்வி.

ஷீபா என்று ஒரு பெண். ஷூ கம்பெனியில் சாம்பிள் செக்ஷனில் பேட்டர்ன் டிசைனர். அதாவது ஒரு ஷூவைத் தைப்பதற்கு முன்னால் தோலை எந்த எந்த வடிவத்தில் வெட்ட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைகிறவள். கணவர் ஜெயசீலனுக்கு வேலூரில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை. காலை ரயிலில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார்.

ஷீபாவுக்கு இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. மூன்றாவது முறை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: பிரசவம் வரை படுக்கைதான். பாத்ரூமுக்கு மட்டும் எழுந்து போகலாம். படி ஏறக் கூடாது, இறங்கக் கூடாது. கம்பெனியில் லீவு கேட்டபோது மேனேஜர் ஒரு வழி சொன்னார். வெளிநாட்டு பையர், அதாவது ஷூ வாங்குகிற கம்பெனி, தரப்பில் ஒரு டிசைனர் இருக்கிறார். புது சீசனுக்கு மூன்று முறை அவரோடு இன்டர்நெட்டில் உட்கார வேண்டும். இவள் திரையில் வரைவதை அவர் அங்கிருந்தே பார்ப்பார், பேசிக்கொண்டே திருத்தம் சொல்வார், இவள் அப்போதே மாற்ற வேண்டும். மூன்றும் வீட்டிலிருந்து ஒழுங்காக முடிந்தால் அவள் இடம் அவளுக்குத்தான். முடியாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். எட்டு வருஷம் பார்த்த வேலை.

முதல் முறை உட்கார்ந்தார்கள். பத்து நிமிஷத்தில் அவர் குரல் துண்டு துண்டாக வந்து நின்றுவிட்டது. திரையில் பாதி ஷூ அப்படியே உறைந்து நின்றது. எனக்கு போன் வந்தது.

வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். முன்னால் ஹால், நடுவில் ஓர் அறை, பின்னால் படுக்கை அறை, அதை ஒட்டி பாத்ரூம். ஹாலிலிருந்து நடு அறைக்கு மூன்று படி இறங்க வேண்டும். டெலிபோன் ஒயர் ஹாலில் வந்து முடிகிறது. ஒரு குட்டை ஸ்டூல் மேல் மோடம். கணக்குப் பார்த்தால் இருபது இருபத்தைந்து அடி. இதற்குள் சிக்னல் சாக என்ன இருக்கிறது?

ஹாலில் என் மடிக்கணினியை விரித்தேன். ஐந்து கோடு. பின் அறைக்குப் போனேன். ஒன்று வந்தது, போனது, வந்தது.

ஷீபா இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வயிற்றுக்கு ஒரு தலையணை, மடிக்கணினிக்கு ஒரு தலையணை.

"ஒண்ணும் இல்லம்மா. மோடம்கிட்ட வந்து உக்காந்தா சூப்பரா வருது. ஹாலுக்கு வந்து பேசிடுங்களேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

"என்னால நடக்க முடிஞ்சா உங்கள எதுக்குண்ணா கூப்புடறேன்? நானே கம்பெனிக்குப் போய்ட மாட்டனா?"

இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 'பக்கத்தில் வந்து உட்காருங்கள்' என்று சொல்லாத டெக்னீஷியன் இந்தத் தொழிலில் இல்லை. அது நோயாளியைப் பார்த்து 'நீங்கள் நன்றாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்று டாக்டர் சொல்வது போல.

மோடத்தின் சேனலை மாற்றினேன். ஆன்டெனாவைத் திருப்பினேன். மோடத்தையே மாற்றினேன். டெலிபோன் ஒயரை நீட்டிப் பின் அறைக்கே கொண்டுபோனேன். அது வழியெல்லாம் இரைச்சலைப் பொறுக்கிக்கொண்டு வந்ததில் லைனே அறுந்து அறுந்து விழுந்தது. பழையபடி ஹாலுக்கே கொண்டுவந்து வைத்தேன். தரையோடு கேபிள் இழுக்கலாம். சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார், படியில் ஒயர் கிடந்தால் காலில் தட்டும் என்றெல்லாம் காரணம் சொன்னேன். உண்மையான காரணம் வேறு. ஒயர் இல்லாமல் வரும் என்று சொல்லி விற்றவன் நான். ஒயரைப் போட்டால் தோற்றுப்போனதாக அர்த்தம். அந்த வீம்பும் இந்தக் கதையில் ஒரு பாத்திரம்தான்.

"எப்பவுமே இப்படித்தானாம்மா?"

"இல்லண்ணா. அதான் பேஜாரு. சில நாளு பறக்கும். சில நாளு படுத்துக்கும். என்ன மாதிரி" என்று சிரித்தாள். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் தொங்கிய மாதக் காலண்டரைக் காட்டினாள். "படுத்துனே இருக்கறவளுக்கு வேற இன்னா வேல? குறிச்சி வெச்சிருக்கேன் பாருங்க."

பார்த்தேன். மோசமான நாட்களைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். என் பதினைந்து வருஷத் தொழிலில் இப்படி ஒரு தடயத்தை எவரும் எடுத்துக் கையில் கொடுத்ததில்லை. வட்டங்கள் சிதறிக் கிடக்கவில்லை. கூட்டம் கூட்டமாக இருந்தன. மூன்று நாள் வட்டம், பிறகு ஓர் ஆறேழு நாள் வெறுமை, மறுபடி மூன்று நாள் வட்டம். அலை மாதிரி. முதல் நாள் படு மோசம், இரண்டாம் நாள் கொஞ்சம் பரவாயில்லை, மூன்றாம் நாள் இன்னும் கொஞ்சம், அப்புறம் மெல்ல மெல்லத் தேறி, பறக்கும்.

"இந்த முதல் வட்டம் இருக்கே, அந்த நாள்ல எல்லாம் வீட்ல இன்னா நடக்குது? யோசிச்சுச் சொல்லுங்க."

அவள் விட்டத்தைப் பார்த்து யோசித்தாள்.

"வேற ஒண்ணும் இல்லண்ணா. அன்னிக்கெல்லாம் பாய் தண்ணி விட வருவாரு."

அந்தத் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முனிசிபல் தண்ணீர் எட்டுப் பத்து நாளைக்கு ஒரு முறை வரும். ஷீபா வீடு மேட்டில். அவர்கள் குழாயைத் திறந்தால் காற்றுதான் சீறும். பக்கத்து வீட்டு பாய் வீடு பள்ளத்தில். அவருடைய தொட்டி நிறையும். நிறைந்ததும் மோட்டாரைப் போட்டு, நீளமான பச்சை ஹோஸைத் தோளில் சுற்றிக்கொண்டு, ஷீபா வீட்டு ஹால் வழியாக இழுத்துவந்து, அந்த வீட்டுக்கும் தண்ணீர் ரொப்பிவிட்டுப் போவார். கேட்டு வாங்கியதில்லை. அவராகச் செய்தது. நிலத்தடித் தண்ணீரை வாயில் வைக்க முடியாத ஊரில் இது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்குத் தெரியும்.

அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. என் மனம் ஹாலுக்கு ஓடியது. மோடத்துக்கு மேலே, சுவரில், பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தது நான்தான். பாய் அந்த ஹால் வழியாகத்தான் வருகிறார். ஒரு நாள் வாசலில் அவரைப் பார்த்திருக்கிறேன். தோளில் தட்டையான கறுப்புப் பை. மடிக்கணினிப் பை.

வந்தார், பார்த்தார், எடுத்துக்கொண்டார். இரண்டும் இரண்டும் நாலு.

தாளைக் கிழித்தேன். பாஸ்வேர்டை மாற்றினேன். அதோடு நிறுத்தியிருந்தால்கூட மன்னிப்பு உண்டு. வாசலுக்கு வந்தபோது பாய் தெருவில் ஹோஸைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்குத் தண்ணீர் நாள். தெரு முழுக்கக் குடங்களும் ஆட்களும். எனக்கோ பையர் பாதியில் போன எரிச்சல், மூன்று மணி நேரத் தோல்வி.

"பாய், நெட்டு வேணும்னா ஒரு வார்த்த கேட்டு யூஸ் பண்ணிருக்கலாமே. உள்ள படுத்திருக்கற பொண்ணோட வேல போவுது."

குடங்கள் வைக்கும் சத்தம் நின்றது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. ஒரு புதுப் பொருளைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

"தம்பி, நான் இந்த வீட்டுக்குக் குடுக்க வர்றவன். எடுக்க வர்றவன் இல்ல."

ஹோஸின் கடைசிச் சுற்றைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இனிமேல்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த விஷயமே ஆரம்பிக்கிறது. கவனியுங்கள்: மறுநாளிலிருந்து நெட் தேறியது. அதற்கு மறுநாள் இன்னும் தேறியது. ஆறாம் நாள் பறந்தது. அடுத்த தண்ணீர் நாள் வந்தது. பாய் வரவில்லை. ஷீபா போன் செய்து சொன்னாள்: "அண்ணா, இன்னிக்கு வட்டமே இல்லண்ணா!" இரண்டாவது முறை பையரோடு உட்கார்ந்தாள். இரண்டு மணி நேரம் ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை.

ஜெயசீலன் மட்டும் தயங்கினார். "சார், பாய் அப்படிப்பட்ட ஆள் இல்ல சார். எங்க அப்பா காலத்துலேர்ந்து தோஸ்த்து."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா பாருங்க, பாஸ்வேர்ட மாத்துனேன், சரியாப்போச்சு. இதுக்கு மேல இன்னா ப்ரூஃப் வேணும்?"

அவர் தலையை ஆட்டினார். பாயைப் பார்க்கும்போது வணக்கம் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் ரயிலுக்கு வேறு சந்து வழியாகப் போக ஆரம்பித்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எனக்கு ஒரே பெருமை. இரண்டு மூன்று வீடுகளில் போய் இந்தக் கதையைச் சொன்னேன். துப்பறிந்த கதை. நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத் திருடுகிற திருடன் உலகத்தில் உண்டா என்று மட்டும் நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

மூன்றாவது அமர்வு காலை பதினொன்றரைக்கு. பத்தே முக்காலுக்கு போன். குரலில் சிரிப்பு இல்லை.

"அண்ணா, ஒரு கோடுதான் வருது. அதுவும் போய்ட்டுப் போய்ட்டு வருது."

வண்டியை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. புது பாஸ்வேர்ட் எனக்கும் ஷீபாவுக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. எப்படிக் கண்டுபிடித்தார் இந்த மனிதர்? நேராக பாய் வீட்டு வாசலுக்குப் போனேன். பூட்டு. எதிர் வீட்டு அம்மா துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னார்: "இன்னா, பாய பாக்கவா? குடும்பத்தோட வாணியம்பாடி கல்யாணத்துக்குப் போய் ரெண்டு நாளாச்சே."

அந்தப் பூட்டின் முன்னால் நின்றது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. என்னிடம் இருந்த ஒரே விடை இரண்டு நாளாக ஊரில் இல்லை.

உள்ளே ஓடினேன். மணி பதினொன்று. மடிக்கணினியைத் திறந்து ஹாலில் நின்றேன். ஐந்து. மூன்று படி இறங்கினேன். ஐந்து. நடு அறைக்குள் நடந்தேன். என் செருப்பு தண்ணீரில் சளக் என்றது. தரை ஈரம். அந்த அறை முழுக்க நீல டிரம்கள், தோல் பதனிடும் ஷாப்பில் கெமிக்கல் வந்து காலியானதைக் கழுவி விற்பார்களே, அந்த நெஞ்சு உயர டிரம்கள். இரண்டு வரிசை, நடுவில் ஒருக்களித்துப் போகிற அளவுக்கு வழி. மூடிகள் மேல் எவர்சில்வர் குடங்கள். முதல் வரிசையைத் தாண்டினேன். மூன்று. இரண்டாவது வரிசையைத் தாண்டினேன். ஒன்று.

திரும்பி முன்னால் வந்தேன். ஐந்து. மறுபடி பின்னால். ஒன்று. யாரோ திரை போட்டு எடுத்த மாதிரி.

ஒரு டிரம்மில் கையை ஊன்றினேன். சில்லென்று இருந்தது. தட்டினேன். சத்தமே இல்லை, சதையில் தட்டியது போல. இரண்டாவது அமர்வு நடந்த நாளில் இதே வழியில் போகும்போது என் பை இடித்து இந்த டிரம் கோயில் மணி மாதிரி முழங்கியது ஞாபகம் வந்தது. அன்றைக்கு அது காலி.

"ஷீபா! தண்ணி எப்ப வந்துச்சு?"

"காலையில டேங்கர் வந்துச்சுண்ணா. பாய்தான் வர்றதில்லயே. எல்லாம் அடி தட்டிப் போச்சு. எங்க வூட்டுக்காரரு ரயிலுக்குப் போறதுக்கு முன்னாடி சொல்லி வெச்சி, டேங்கர்காரரே எல்லாத்தயும் ரொப்பிட்டுப் போனாரு."

"நீங்க அன்னிக்கு சொன்னீங்களே, வட்டம் போட்ட நாள்ல பாய் வருவாருன்னு. பாய் வந்தா ஸ்லோவா, தண்ணி வந்தா ஸ்லோவா?"

"ரெண்டும் ஒண்ணுதானேண்ணா? பாய் வந்தாத்தான் தண்ணி வரும்" என்றாள். அவளே நிறுத்தினாள். "ஐயோ" என்றாள்.

'பாய் தண்ணி விட வருவாரு.' அவள் சொன்னது இவ்வளவுதான். அதில் ஓர் ஆள் இருந்தார், தண்ணீர் இருந்தது. நான் ஆளைப் பிடித்துக்கொண்டேன். நம் மூளைக்கு எப்போதும் ஆள்தான் வேண்டும். பழி போட முகம் வேண்டும். தண்ணீருக்கு முகம் இல்லையே.

தண்ணீர் காற்றில் வரும் இந்த சிக்னல் அலையைக் குடிக்கும் என்று பயிற்சியில் யாரோ போகிற போக்கில் சொல்லியிருந்தார்கள். குளம், மழை, ஈரச் சுவர் என்று நான் மனதில் போட்டு வைத்திருந்தேன். வீட்டுக்குள்ளேயே ஓர் ஏரியை நிறுத்தி வைத்திருக்கிற ஊரில் பிறந்தவனுக்கு, அது ஏரி என்று தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் குளிக்க, துவைக்க, சமைக்க அந்த ஏரி இறங்கும். இறங்க இறங்க அலை அதற்கு மேலாகத் தாண்டிப் போகும். காலண்டர் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. பாய் கோபித்துக்கொண்டு தண்ணீரை நிறுத்தியதால்தான் என் 'வெற்றி'யே வந்தது.

மணி பதினொன்று பத்து. வியக்க நேரம் இல்லை. இரண்டு வழி இருந்தன. ஒன்று, பின் வரிசை டிரம்களை மூடி திறந்து சாய்த்துவிடுவது. தண்ணீர் பின்கட்டுச் சாக்கடைக்குப் போகும், ஐந்தே நிமிஷம், நிச்சயமாக வேலை செய்யும். நான் ஒரு மூடியில் கை வைத்தேன்கூட. மூடி கழன்ற சத்தம் கேட்டு உள்ளிருந்து குரல் வந்தது:

"அண்ணா, தண்ணிய மட்டும் கொட்டாதீங்க. வேல போனாலும் போவட்டும்."

இரண்டாவது வழி, மோடத்தைத் தூக்குவது. ஹாலுக்கும் நடு அறைக்கும் இடையிலான சுவரில் உச்சியில் ஒரு வென்டிலேட்டர் துவாரம், அதை ஒட்டிப் பரண். அங்கே வைத்தால் அலை டிரம்களின் தலைக்கு மேலே போகும். ஆனால் ஒயர் எட்டாது. லைனை வெட்டி ஒட்டு போட வேண்டும். முன்பு நீட்டியபோது லைன் செத்தது நினைவிருக்கிறதா? இப்போது ஒரு கோடாவது இருக்கிறது. வெட்டினால் அதுவும் போகலாம். திரும்ப வராமலும் போகலாம்.

"ஷீபா, இப்ப கொஞ்ச நேரம் சுத்தமா போய்டும். திரும்பி வரலாம், வராமலும் போவலாம். வெட்டட்டுமா?" என்று கேட்டேன்.

வாழ்நாளில் வாடிக்கையாளரிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் முறை. அதுவரை தெரிந்தவன் மாதிரியே பேசிப் பழகியிருந்தேன்.

"வராமப் போனா?"

"போனதுதான்."

"அப்ப வெட்டுங்க. ஒரு கோட்ட வெச்சினு நான் இன்னா பண்றது?"

வெட்டினேன். முன்பு மாதிரி பின் அறை வரை நீட்டவில்லை, ஆறடிதான், ஒரே ஒட்டு. வியர்வையில் ஒயர் வழுக்கியது. பரணில் இருந்த கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை ஓரம் தள்ளிவிட்டு மோடத்தை வென்டிலேட்டரைப் பார்க்க நிறுத்தினேன். விளக்குகள் அணைந்து, ஒவ்வொன்றாக விழித்தன. லைன் விளக்கு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. ஏணியில் நின்று அந்தச் சிமிட்டலை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை எங்கோ தவறிவிட்டது. சிமிட்டல் நின்றது. பச்சை நிலைத்தது.

"நாலு!" என்று பின் அறையிலிருந்து கத்தினாள். "அண்ணா, நாலு!"

ஐந்து நிமிஷம் தாமதமாக அமர்வு ஆரம்பித்தது. நான் ஹாலில் படியில் உட்கார்ந்திருந்தேன். ஏரியைத் தாண்டி ஒரு வெளிநாட்டுக் குரல் வந்து கொண்டிருந்தது. எனக்குப் பாதி புரியவில்லை. ஷீபா நிதானமாகப் பதில் சொல்வது கேட்டது. விரலால் மவுஸைத் தட்டும் ஓசைகூடக் கேட்டது. ஒன்றே முக்கால் மணிக்கு அந்தக் குரல் நன்றி சொன்னது. அவள் இடம் அவளுக்கே இருந்தது. அவ்வளவு நேரமும் என் கண் முன்னால் நின்றது பக்கத்து வீட்டுப் பூட்டு.

பாய் திரும்பி வந்த அன்றே போனேன். கூடத்தில் தரையில் அந்தக் கறுப்புப் பை திறந்து கிடந்தது. உள்ளே சின்னச் சின்னத் தோல் துண்டுகள். பழுப்பு, கறுப்பு, சந்தன நிறம். அவர் தோல் ஷாப்பில் செலக்டர், தோலைத் தரம் பிரிக்கிறவர். துண்டுகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மடிக்கணினி அவர் வீட்டில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். டிரம், தண்ணீர், கோடு, பரண். கடைசியில் "தப்பு பண்ணிட்டேன் பாய்" என்றேன்.

ஒரு துண்டை முகர்ந்து பார்த்துக் கீழே வைத்தார்.

"தெருவுல சொன்ன வார்த்தய வீட்டுக்குள்ள வந்து வாங்கிக்கறியா?"

அடுத்த துண்டைக் கையில் எடுத்தார்.

"சரி, அத வுடு. தண்ணி எப்படி அதத் தின்னும்? அதச் சொல்லு மொதல்ல." அவர் முகத்தில் உண்மையான ஆவல். "தின்னுதுன்னா தண்ணி சூடாவுமா?"

"ஆவாது பாய். ரொம்பக் கம்மி."

"நீ பார்த்தியா?"

"பார்க்கல."

"பார்க்காததே ஜாஸ்தியா பேசற தம்பி."

அடுத்த தண்ணீர் நாளில் போனேன். அதற்குள் ஷீபா வீட்டு டிரம்கள் மீண்டும் அடிதட்டியிருந்தன. தெருவில் எல்லோரும் குடத்தோடு நின்றிருந்தார்கள். ஏணி போட்டு மோடத்தைப் பரணிலிருந்து இறக்கிப் பழைய ஸ்டூலிலேயே வைத்தேன். வாசலுக்கு வந்து, அன்று நின்ற அதே இடத்தில் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்: "பாய் மேல அன்னிக்கு நான் சொன்னது பொய். எதனால ஸ்லோ ஆச்சுன்னு இப்ப காட்டறேன். வந்து பாருங்க."

வேடிக்கை என்றால் நம் ஜனங்கள் விடுவார்களா? ஹால் நிறைந்தது. பாய் ஹோஸோடு நடு அறையில் நின்றார். ஷீபா படுக்கையிலிருந்தபடியே கோடுகளைச் சொல்ல வேண்டும்.

"இன்னா வருதும்மா?" என்றார் பாய்.

"அஞ்சு!"

முதல் டிரம் நிறைந்தது. "அஞ்சு." இரண்டாவது. "நாலு... நாலு." மூன்றாவது நிறைந்து கழுத்தைத் தொட்டபோது "மூணு!" என்றாள். கூட்டத்தில் ஒரு பெண் "யம்மா" என்றாள். பாய் ஹோஸை அடுத்த வரிசைக்கு மாற்றினார். "ரெண்டு." "ரெண்டு." "ஒண்ணு... ஒண்ணேதான்!"

கைதட்டினார்கள். யாருக்கு என்று தெரியவில்லை. எதிர் வீட்டு அம்மா என் காதருகே வந்து, "இதுக்கா அந்த மனுஷன அப்படிப் பேசின?" என்றார். அதுவும் எனக்கு வர வேண்டியதுதான்.

பாய் விடவில்லை. காலி டிரம் ஒன்றை நகர்த்தச் சொன்னார். அதன் இடத்தில் தானே போய் நின்றார். "இப்ப?"

"இருக்கற ஒண்ணும் ஆடுது பாய்!"

"நான் நின்னாலுமா?"

"நீங்களும் பாதிக்கு மேல தண்ணிதான் பாய்" என்றேன்.

"இத என் வீட்ல சொல்லிடாத. ஏற்கெனவே என்ன ஒண்ணுத்துக்கும் ஒதவாத டிரம்முன்னு சொல்லுது."

ஷீபா சிரித்த சிரிப்பில் ஜெயசீலன் பதறி ஓடினார், வயிறு குலுங்கப் போகிறது என்று. அன்று ஞாயிற்றுக்கிழமை, அவர் வீட்டில் இருந்தார். திரும்பி வந்தவர் பாயின் கையிலிருந்து ஹோஸை வாங்கிக்கொண்டார். கடைசி டிரம்மை அவரே ரொப்பினார்.

மோடத்தைப் பரணில் ஏற்றினேன். நாலு கோடு வந்தது. இரண்டு மாதம் கழித்து அந்த வீட்டில் ஒரு பெண் குழந்தையின் அழுகை, எந்தச் சுவரும் எந்தத் தண்ணீரும் தடுக்க முடியாத சிக்னல், தெருமுனை வரை கேட்டது.

இதோடு முடித்தால் உங்களுக்கு நல்ல கதை கிடைக்கும். எனக்குத்தான் முடியவில்லை.

அன்று கூட்டம் கலைந்த பிறகு பாய் வாசலில் ஹோஸைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்: "தம்பி, நாங்க ஒரு தோல நெழல்ல ஒரு தடவ பார்ப்போம், வெளிச்சத்துல ஒரு தடவ பார்ப்போம். ரெண்டுலயும் ஒண்ணா இருந்தாத்தான் முத்திர. நீ பாஸ்வேர்ட மாத்துன, சரியாச்சு, முத்திர குத்திட்ட. இல்ல?"

"ஆமா பாய்."

"இதுக்கு முன்னாடி நீ போய் சரி பண்ண வீடுங்க எத்தன இருக்கும்?"

"கணக்கு இல்ல பாய். நெறைய."

"அதுல எத்தன வீடு நீ சரி பண்ணதால சரியாச்சு, எத்தன வீடு தண்ணி எறங்குனதால சரியாச்சு?"

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பிறகு ஹோஸைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒவ்வொரு வீடாக நினைத்துப் பார்த்தேன். எந்த வீட்டில் யாரைக் குற்றம் சொன்னேன், யாருடைய பையனை, எந்த எதிர்வீட்டை, எந்த மாடிக்காரரை. முழங்கால் போய் உட்கார்ந்துவிட்ட இந்த வயதிலும் அந்தத் தெருக்களில்தான் நடந்துகொண்டிருக்கிறேன். பாதி வீடுகூட இன்னும் முடியவில்லை.